காடைக்குக் கூண்டா, சுண்டெலிக்குப் பந்தியா? சிறிய இடத்துக்கு எது ஒத்துவரும்

காடை வளர்க்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் இரவு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கூண்டின் அடியில் குனிந்து பார்த்தேன். எச்சத் தட்டின் விளிம்பில் ஒரு சுண்டெலி குந்தியிருந்தது. முன்னங்கால் இரண்டாலும் ஒரு தீவனக் குருணையைப் பிடித்துக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிக் கொறித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டும் ஓடவில்லை. கையிலிருந்ததை முடித்துவிட்டுத்தான் போயிற்று. மேலே எட்டுக் காடைகளும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன. அவற்றை அது ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கூண்டு வாங்கும்போது நான் விலை, இடம், நாற்றம் என்று மூன்றைத்தான் யோசித்திருந்தேன். நான்காவதாக ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்: விளக்கை அணைத்த பிறகு இந்த அமைப்பில் எங்கே ஒரு பிடி தீவனம் கிடக்கும்? கூண்டு, தீவனத் தட்டு, தீவன வகை என்று எதை ஒப்பிட்டாலும் இந்தக் கேள்வியை முன்னால் நிறுத்துங்கள். எது மலிவு என்பதற்கான விடையே மாறிவிடும்.

கணக்கைப் பாருங்கள். வளர்ந்த ஜப்பானியக் காடை ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராம் தீவனம் தின்னும். பத்துப் பறவைகளுக்கு 250 கிராம், மாதத்துக்கு ஏழரைக் கிலோ. காடைக்கு அலகைத் தீவனத்துக்குள் விட்டு இடமும் வலமுமாக வீசும் பழக்கம் உண்டு. திறந்த கிண்ணத்தில் வைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நாளுக்கு 50 கிராம், வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் சுண்டெலி ஒன்றின் ஒரு நாள் சாப்பாடு சுமார் 3 கிராம்தான். ஆக, பதினாறு சுண்டெலிகளுக்குத் தினமும் பந்தி விரிக்கிறோம். அதன் சூல்காலம் 19 முதல் 21 நாள். பிறந்த குட்டியும் ஆறு முதல் எட்டு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஒன்றுதானே வந்தது என்று நினைத்திருப்பதற்குள் குடும்பம் பெருகிவிடும். எலி மூத்திரமும் புழுக்கையும் தீவனத்தில் கலந்தால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் காடைக்கும், அதன் வழியாக முட்டையை எடுக்கும் நம் கைக்கும் வந்து சேரும். எலியைத் தேடிப் பாம்பும் வரலாம்.

சிறிய இடத்தில் காடைக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. தரையில் கூளம் பரப்பி வளர்ப்பது, பிளாஸ்டிக் தொட்டியில் வளர்ப்பது, பழைய மர அலமாரியையோ முயல் கூண்டையோ மாற்றியமைப்பது, கால் வைத்த கம்பிக் கூண்டு. அடுக்குக் கூண்டு இந்தக் கடைசி வகையின் விரிவுதான்.

பறவையின் பக்கம் நின்று பார்த்தால் கூளத் தரைக்கு ஈடில்லை. காடை தரையில் வாழும் பறவை. கிளை தேடி உட்காராது. கிளறுவதும் மண்ணில் புரள்வதும்தான் அதற்குச் சுகம். செலவும் குறைவு: ஒரு மூட்டை மரச்சீவல், சுற்றிலும் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். ஆனால் சிந்திய தீவனம் கூளத்துக்குள் இறங்கினால் திரும்பக் கிடைக்காது. அந்தக் கூளமே சுண்டெலிக்கு மெத்தை. சாப்பாடும் படுக்கையும் ஒரே இடத்தில் கிடைத்தால் யார்தான் காலி செய்வார்கள்? உள்ளே அது குடித்தனம் நடத்தியது, பல வாரம் கழித்துக் கூளத்தை அள்ளும்போதுதான் நமக்குத் தெரியும். பூச்சுத் தரையும் இடுக்கில்லாத கதவும் உள்ள தனி அறை இருந்தால் இதை யோசிக்கலாம். சிறிய இடத்தில் வளர்க்க வழி தேடுகிறவரிடம் அப்படியோர் அறை இருப்பது அபூர்வம்.

பிளாஸ்டிக் தொட்டியின் பெரிய வசதி, சுண்டெலியால் அதன் வழவழப்பான சுவரில் ஏற முடியாது என்பது. மூடியின் நடுவை வெட்டி நுண்ணிய கம்பி வலை பொருத்தினால் போதும். ஆனால் 60 × 40 சென்டிமீட்டர் தொட்டியின் பரப்பு 2,400 சதுர சென்டிமீட்டர்தான். பறவைக்கு ஒரு சதுர அடி, அதாவது 930 சதுர சென்டிமீட்டர், கொடுத்தால் இரண்டு காடைகள், நெருக்கினால் மூன்று. வணிகப் பண்ணைகளில் இதில் கால் பங்கு இடத்தில் ஒரு பறவையை வைக்கிறார்கள். அந்த நெருக்கத்தை வீட்டில் பின்பற்றாதீர்கள், ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். இன்னொரு சிக்கல் காற்று. எச்சத்தின் ஈரம் தொட்டிக்குள்ளேயே நிற்கிறது, அமோனியா அடியில் தேங்குகிறது. நின்றபடி முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. மண்டியிட்டு, காடையின் தலை இருக்கும் உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கண் எரிந்தால் பறவைக்கும் எரிகிறது என்று பொருள். தினமும் கூளம் மாற்றும் பொறுமை உள்ளவருக்கே தொட்டி. குஞ்சுகளுக்கும் நோயுற்ற பறவையைத் தனியே வைப்பதற்கும் மட்டும் நான் ஒன்றை வைத்திருக்கிறேன்.

மர அலமாரியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அது ஒருவகை ஆளுக்குப் பொருந்தும், எல்லோருக்கும் அல்ல.

என் ஓட்டு, கால் வைத்த கம்பிக் கூண்டுக்கு. எச்சமும் சிந்திய தீவனமும் கீழேயுள்ள தட்டில் விழும்; தட்டை இழுத்துக் கொட்டிவிடலாம். எது கிடக்கிறது, எவ்வளவு கிடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் இதன் உண்மையான பலம். ஆனால் இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. கூண்டு விற்பவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. எச்சம் தங்காமல் விழ வேண்டுமானால் அடிவலையின் கண் 12 மில்லிமீட்டர் அளவாவது இருக்க வேண்டும். சுண்டெலி நுழையாமலிருக்க வலைக்கண் 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 12 மில்லிமீட்டர் கண்ணில் இளம் சுண்டெலி சாவகாசமாக உள்ளே போகும். 6 மில்லிமீட்டர் வலையை அடியில் போட்டால் எச்சம் அடைத்துக்கொண்டு, காடை அதன்மேலேயே நடந்து காலைக் கெடுத்துக்கொள்ளும். அறுகோணக் கண்ணுள்ள கோழி வலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். நான் முதலில் வாங்கியது அதைத்தான். இரண்டாவது வாரமே ஒரு சுண்டெலி உள்ளே போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு, வந்த வழியே வெளியேறியதைப் பார்த்தேன்.

இரண்டு வலைகளுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான் இதற்குத் தீர்வு. பக்கங்களுக்கும் கதவுக்கும் 6 மில்லிமீட்டர், அடிக்கு மட்டும் 12 மில்லிமீட்டர். அடிவலையை எலி எட்டவே முடியாதபடி கூண்டை நிறுத்த வேண்டும். சுண்டெலி நின்ற இடத்திலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் எம்பும். கூண்டின் அடி தரையிலிருந்து 60 சென்டிமீட்டராவது உயரமாக இருக்கட்டும். சுவரிலிருந்தும் ஒரு முழம் தள்ளி நிற்கட்டும். கால்கள் மரமாக இருந்தால் எலிக்கு அது ஏணி. வழவழப்பான இரும்புக் குழாயாக இருந்தால் சறுக்கும். எதுவானாலும் காலின் நடுவில் அகலமான தகர வட்டு ஒன்றை, விரித்த குடைபோல மாட்டிவிடுங்கள். கூண்டைக் கயிற்றில் தொங்கவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். மேலிருந்து கயிற்றின் வழியாகவே இறங்கி வந்தது. கூண்டின்மேல் சாய்த்து வைத்த துடைப்பம், பக்கத்தில் அடுக்கிய அட்டைப்பெட்டி, சுவரிலிருந்து வரும் மின்கம்பி எல்லாம் பாலம்தான்.

கம்பி அடியின் குறையையும் மறைக்கக் கூடாது. நாள் முழுதும் கம்பியில் நிற்கும் காடைக்குப் பாதத்தில் புண் வரும். அதனால் அடிப்பரப்பின் ஒரு பகுதியில் பலகை போட்டு, அதன்மேல் ஓர் ஆழமான மணல் பெட்டி வைக்கிறேன். மணலைக் கண்டதும் காடை நெஞ்சைத் தேய்த்து, சிறகை உதறி, கண்ணை மூடிக்கொண்டு புரளும். அப்போது மணல் எங்கும் தெறிக்கும். அதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். கூரை உயரமும் முக்கியம். திடுக்கிட்ட காடை பக்கவாட்டில் ஓடாது, செங்குத்தாக மேலே பாயும். நடுத்தர உயரக் கூண்டில் வேகம் எடுத்து மண்டையை உடைத்துக்கொள்ளும். 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரம் போதும். அதற்குமேல் போனால் கூரைக்குத் துணியோ மென்மையான வலையோ கட்டுங்கள். இரவில் எலி ஓடினால் நடப்பதும் இதுதான்: சலசலப்பில் எழும்பிய பறவையின் தலைத்தோல் கிழிந்திருப்பதைக் காலையில் பார்ப்போம். பெரிய எலியாக இருந்தால் அடிவலை வழியாகக் காலைக் கடிக்கும், காடையையே கொல்லவும் செய்யும்.

கூண்டைவிடத் தீவனப் பாத்திரத்தில்தான் காசு மிச்சமாகிறது. திறந்த கிண்ணம் மிக மலிவாகக் கிடைக்கும். மாதக் கடைசியில் அதைவிடச் செலவு வைப்பது வேறில்லை. கூண்டுக்கு வெளியே பொருத்தும் நீளத் தொட்டி, தலை மட்டும் நுழையும் ஓட்டைகளோடு, பரவாயில்லை, இடமும் மிச்சம். ஆனால் அதன் உள்விளிம்பு மடிந்திராவிட்டால், அலகால் வாரியது நேராக வெளித்தரையில் விழும், எச்சத் தட்டில்கூட அல்ல. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் பக்கத்தில் வட்டமாக ஓட்டை போட்டு உள்ளே வைப்பது எனக்குப் பிடித்த வழி: வீசியது டப்பாவின் சுவரில் மோதி உள்ளேயே விழுகிறது. இதைவிட எளிதான உத்தி ஒன்று உண்டு. 12 மில்லிமீட்டர் கம்பி வலைத் துண்டு ஒன்றைத் தட்டின் அளவுக்கு வெட்டி, முனைகளை மடக்கி, தீவனத்தின்மேல் படுக்கப் போட்டுவிடுங்கள். தீவனம் குறையக் குறைய வலையும் கீழே இறங்கும். காடை கொத்தலாம், வாரி வீச முடியாது. எந்தப் பாத்திரமானாலும் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். விளிம்புவரை நிரப்பிவிட்டு இரண்டு நாள் நிம்மதி என்று நினைப்பது, அடுத்த வீட்டு எலிக்கும் சொல்லி அனுப்புவதுபோல.

தீவன வகையிலும் இதே ஒப்பீடு. பல தானியக் கலவை பார்க்க அழகாக இருக்கும், விலையும் சில சமயம் குறைவு. ஆனால் காடை பிடித்த மணியைத் தேடி மற்றதையெல்லாம் தள்ளிவிடும். சிந்துவதில் இதற்கே முதலிடம். முட்டையிடும் காடைக்கு ஏறக்குறைய 20 விழுக்காடு புரதமும் போதிய சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். தானியம் மட்டும் கொடுத்தால் அந்தப் புரதம் கிடைக்காது. மாவுத் தீவனம் சத்தில் சரி, ஆனால் அலகில் ஒட்டித் தண்ணீரில் கரையும், தூளாகப் பறக்கும். குருணைத் தீவனத்துக்கு விலை சற்றுக் கூடுதல். வீணாவது குறைவு என்பதால் கடைசிக் கணக்கில் அதுவே மலிவு. மாவுதான் கிடைக்கிறது என்றால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசிறிக் கொடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் தின்னும் அளவு மட்டும், மீதியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப் பூஞ்சை பிடிக்கும்.

இனி இரவுப் பிரச்சினை. சுண்டெலி பெரும்பாலும் இரவில்தான் நடமாடும். காடையோ இருட்டில் தின்பதில்லை; அந்தி சாயும் முன் வயிற்றை நிரப்பிக்கொண்டு படுத்துவிடும். ஆகவே இரவில் தீவனப் பாத்திரத்தை எடுத்துவிடுவதால் பறவைக்கு நட்டமே இல்லை, தண்ணீர் மட்டும் இருந்தால் போதும். காடை முட்டையிடுவதும் பெரும்பாலும் பிற்பகலிலிருந்து அந்திவரைதான், கோழியைப்போல் காலையில் அல்ல. இரண்டு வேலைகளையும் ஒரே நடையில் முடிக்கலாம்: இருட்டும் நேரத்தில் முட்டையைப் பொறுக்கி, பாத்திரத்தை எடுத்து மூடியிட்ட டின்னுக்குள் வைத்து, எச்சத் தட்டைக் கொட்டிவிட்டு வர ஐந்து நிமிடம். தட்டில் இருப்பதைக் கூண்டின் அடியில் குவித்து வைக்காதீர்கள். மூடியுள்ள வாளியில் சேர்த்து, காய்ந்த இலையோடு கலந்து மக்கவிட்டால் நல்ல உரம். முட்டை வரத்துக்காக நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்று விளக்கு போடுகிறவர்கள், அந்தக் கூடுதல் நேரத்தை மாலையில் சேர்க்காமல் விடியற்காலையில் சேர்ப்பது நல்லது. மாலையில் விளக்கு எரிந்தால் தீவனத்தை எடுக்கும் நேரமும் தள்ளிப்போகும்.

பெரிய மூட்டையாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறையும் என்ற ஆசையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். பத்துக் காடைக்கு மாதம் ஏழரைக் கிலோ என்றால் ஐம்பது கிலோ மூட்டை ஆறு மாதத்துக்கும் மேல் கிடக்கும். அதற்குள் வைட்டமின்கள் வீரியம் இழக்கும், வண்டு விழும், சாக்கின் மூலையை எலி கண்டுபிடிக்கும். இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில் ஒன்றரை மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி வைப்பதே சரி. பிளாஸ்டிக் டிரம் என்றால் விளிம்பைக் கொறித்திருக்கிறதா என்று அவ்வப்போது தடவிப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே எலி வந்துவிட்டவர்கள் பூனை, விஷம், பொறி மூன்றில் எது என்று கேட்பார்கள். பூனை கூண்டின்மேல் ஏறி உட்கார்ந்தாலே காடைகள் மிரண்டு மண்டையை முட்டிக்கொள்ளும், முட்டையும் குறையும். விஷத்தை நான் கூண்டு இருக்கும் இடத்தில் வைக்கவே மாட்டேன். விஷ உருண்டையை எலி எங்கே இழுத்துப்போடும் என்று சொல்ல முடியாது; காடையின் வாய்க்குள்ளும் போகலாம், செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் கேடு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். மிஞ்சுவது பொறி. சுவரை ஒட்டி, வாய் சுவரைப் பார்க்கும்படி, இரண்டு மூன்றாக வையுங்கள். எலி சுவரோரமாகத்தான் ஓடும். கவரும் பொருள் துளி போதும். ஆனால் சிந்திய தீவனம் நிறைய இருக்கும்வரை பொறியை எந்த எலியும் மதிக்காது. முதலில் தரையைப் பெருக்கிச் சுத்தம் செய்யுங்கள், பிறகு பொறி.

எலி எந்த வழியாக வருகிறது என்று தெரியாவிட்டால், படுக்கப் போகும் முன் சுவரோரம் சாக்பீஸ் தூளை மெலிதாகத் தூவி வையுங்கள். மாவைத் தூவாதீர்கள், அதையும் நக்கிவிடும். காலையில் சின்னச் சின்னப் பாதங்கள் ஒரு வரிசையாகப் போயிருக்கும். நடுவே வால் இழுத்த கோடு. அந்த வரிசை எங்கே மறைகிறதோ அங்கேதான் ஓட்டை.

எத்தனை பறவை, எந்த வயது என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். சிறிய இடத்துக்கு ஆறு முதல் எட்டுப் பெட்டைகள், ஐந்து வாரம் வளர்ந்தவையாக. ஆறேழு வார வயதில் முட்டை தொடங்கும்; ஒவ்வொன்றும் 10 முதல் 12 கிராம். முட்டை வாங்கிப் பொரிக்க வைத்தால் 17, 18 நாளில் குஞ்சு வந்துவிடும். பறவைக்கான விலை குறையும்தான். ஆனால் பொரிப்பான், குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூடு, அதற்கு மின்சாரம் எல்லாம் சேரும். பாதிக் குஞ்சு ஆணாகவும் இருக்கும். முட்டைக்கு மட்டும் வளர்ப்பவருக்கு ஆண் தேவையில்லை, அதன் கூவலைப் பக்கத்து வீட்டாரும் ரசிக்கமாட்டார்கள். குஞ்சுக்காலத்தில் தீவனம் அதிகமாகச் சிதறும், கதகதப்பும் இருக்கும். சுண்டெலிக்கு அதைவிட நல்ல அழைப்பு வேறென்ன?

இப்போது அந்த மர அலமாரி. அந்திக்குள் வீடு திரும்ப முடியாதவர்களுக்கு, நான் சொன்ன மாலை நடை சாத்தியமில்லை. காலையிலேயே அளந்து போட்டு மாலைக்குள் தீரும்படி செய்யலாம் என்றால், முட்டையிடும் பறவை அதிகம் தின்னும் பிற்பகலில்தான் பாத்திரம் காலியாக இருக்கும். அவர்களுக்குக் கம்பிக் கூண்டைவிட முழுவதும் அடைத்த அலமாரிதான் பொருத்தம். அடியிலும் பின்புறத்திலும் தகரம் அடித்து, முன்புறத்திலும் பக்கங்களிலும் 6 மில்லிமீட்டர் வலை போட்டு, உள்ளே கூளம் பரப்பி, தீவனத்தை இரவிலும் உள்ளேயே விட்டுவிடலாம். கூளத் தரையின் சுகம் பறவைக்கு, கதவைச் சாத்திய நிம்மதி நமக்கு. விலை: வாரம் இருமுறை கூளம் மாற்ற வேண்டும், காற்றுக்காக முன்புறம் முழுதும் வலையாகவே இருக்க வேண்டும், மரத்தின் ஒவ்வோர் இணைப்பையும் பார்த்துவர வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு பென்சிலை எடுத்துக் கதவின் அடியிலும் மூலைகளிலும் விட்டுப் பாருங்கள். பென்சில் நுழையும் இடத்தில் சுண்டெலியும் நுழையும். அங்கே இன்னொரு தகரப் பட்டை அடிக்க வேண்டும்.